கோடு ஒண்ணு, ஓடற இடம் மூணு

அன்புள்ள அம்மிணி,

நீ பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கணக்குப் பார்க்கற வெப் ஆப் எழுதறேன்னு உங்கம்மா கொமரலிங்கம் பூராவும் சொல்லிட்டா. எனக்கும் பெருமைதான். ஆனா போன்ல நீ சொன்னது மனசை உறுத்துது. "சர்வர்ல போடறப்ப நாலு வரியைக் கையால மாத்திக்குவேன், ஞாபகம் இருக்கும் பெரியப்பா"ன்னியே! வண்டிச் சாவியை எங்க வெச்சேன்னு தினம் அம்மாவைக் கேட்கறவளும் நீதானே கண்ணு?

நான் சாயப்பட்டறையில இருந்தப்ப, லேப்ல அஞ்சு கிராம் துணியில பிடிச்ச ஷேடு மெஷின்ல நூத்துக்கணக்கான கிலோவுக்கும் வரணும். சாய விகிதம் ஒண்ணுதான். தண்ணி அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். மாறுறதை மாஸ்டர் மனசுல வெச்சுக்க மாட்டார், ரெசிபி கார்டுல எழுதி வெப்பார்.

நீயும் எழுதி வை. டாட்நெட் கோர்ல பொதுவான செட்டிங் எல்லாம் ஆப்செட்டிங்ஸ்.ஜேசன்ல இருக்கட்டும். உன் லேப்டாப், டெஸ்ட், புரொடக்‌ஷன்னு சூழலுக்குச் சூழல் மாறுறது மட்டும் அந்தந்தச் சூழல் பேர் போட்ட ஃபைலுக்குப் போகட்டும். ஸ்டைல் போட்டோ சேமிக்கற ஃபோல்டர், லாக் எவ்வளவு எழுதணும், பையருக்கு மெயில் போகலாமா, இதுல எதுவும் ரகசியமில்ல. கிட்லயே வை, யார் எப்ப மாத்தினாங்கன்னு தெரியும். பாஸ்வேர்டை மட்டும் அந்தப் பக்கமே கொண்டு வராதே.

ஜிஎஸ்டியையும் அங்க போடாதே. 2025 செப்டம்பர் 22-ல் 1000 ரூபாய்க்கு மேல 2500 வரைக்குமான ஆடைக்கு 12 சதவீதம் 5 ஆச்சு. அது எந்த சர்வர்ங்கறதைப் பார்த்து மாறல, தேதியைப் பார்த்து மாறுச்சு. தேதியோட டேட்டாபேஸ்ல இருக்க வேண்டிய விஷயம் அது.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். எந்தச் சூழல்னு சொல்ற வேரியபிளை வைக்க மறந்தா, டாட்நெட் கோர் அதைப் புரொடக்‌ஷன்னே எடுத்துக்கும். டெஸ்ட் சர்வர்ல அப்படி ஆனா, நீ விளையாட்டா போட்ட ஆர்டருக்கு ஜெர்மனி பையருக்கு நிஜ மெயில் போயிடும். அதனால ஆப் கிளம்பும்போதே எந்தச் சூழல்ல ஓடுதுன்னு லாக்ல முதல் வரியா எழுதட்டும். வேண்டிய செட்டிங் ஒண்ணு இல்லாட்டியும் கிளம்பாம நின்னுடட்டும். பாதி ராத்திரியில பாதி வேலையில நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

நாளைக்கு நீ வேற கம்பெனிக்குப் போவே. உன் சீட்டுக்கு வர்ற பிள்ளை, உனக்குப் போன் போடாமலே இதை ஓட்டணும். அந்த முகம் தெரியாத பிள்ளைக்காகவும் பார்த்துச் செய் சாமி. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பெரியப்பா