சிறுவர் சிற்றுண்டி

ஆரம்பப் பாடசாலையில் இடைவேளை மணி அடித்தவுடன் நிகழ்வதை நம்மில் அறியாதார் இலர். சிறுவர் கையிலுள்ள காசை இறுகப் பற்றிக்கொண்டு வாயிலுக்கு ஓடுவர். நிறமேற்றிய மிட்டாயும், உப்பும் எண்ணெயும் செறிந்த பொட்டல வறுவலும் வாங்கித் தின்பர். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நகைத்து விடுவார் பலர். அங்ஙனம் விடுதற்குரியதன்று இது.

சிறுவயிறு ஒரே வேளையில் மிகுதியாக ஏலாது. வளரும் உடலும் ஓடியாடும் காலும் அடிக்கடி ஆகாரம் வேண்டுவன. ஆதலின் இரு வேளை உணவிற்கு இடையே சிறிது உண்ணுதல் குழந்தைக்கு இயற்கையேயாம். "தின்னாதே" என விலக்குதல் பயன் தராது. தின்னத்தக்கது எது எனக் காட்டுதலே நம் கடமை.

பசித்த பிள்ளைக்குக் கல்வி ஏறாது என்பதை நம் நாட்டார் முன்னரே உணர்ந்தனர். 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை நகராண்மைக் கழகம் ஆயிரம்விளக்குப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவும், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலைச் சிற்றுண்டியும் ஏற்பட்டன. எனினும் 2019–21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேர் இரத்தச்சோகை உடையோர். அவர்களே பின்னர் நம் பாடசாலைப் பலகைகளில் வந்து அமர்கின்றனர். அவர் கைக்காசு சத்தற்ற பண்டத்திற் செலவாவது சிறு நட்டமன்று.

இனி, ஏற்ற பண்டங்கள் எவை? முதலாவது, சுண்டல். கடலை, பயறு முதலியவற்றில் புரதமும் இரும்புச்சத்தும் உண்டு. அதில் எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் அவ்விரும்பை உடல் எளிதில் ஏற்கும். உடன் தேநீர் பருகினாலோ அதன் துவர்ப்பு அதைத் தடுக்கும். இரண்டாவது, நிலக்கடலை, அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதமாகும். மூன்றாவது, கேழ்வரகு அடை; அரிசியினும் பன்மடங்கு சுண்ணாம்புச்சத்து உடையது. நான்காவது, கொய்யா; கிச்சிலிப்பழத்தினும் பன்மடங்கு 'சி' உயிர்ச்சத்து இதிலுண்டு. வெள்ளரிப்பிஞ்சு, வாழைப்பழம், பனங்கிழங்கு ஆகியனவும் அந்தந்தப் பருவத்தில் மலிவாய்க் கிடைப்பன.

ஈண்டுச் சில எச்சரிக்கைகளும் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலை நஞ்சாதலின் விலக்கற்பாலது. மிகச் சிறு குழந்தைகட்கு முழுக்கடலை தொண்டையிற் சிக்கும். சிலர்க்குக் கடலை ஒவ்வாது. ஆதலின் பெற்றோரை வினவியே அளித்தல் வேண்டும். வெல்லமும் சர்க்கரையே, கடலையுருண்டை தின்றபின் வாய் கொப்பளித்தல் நன்று. உணவின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாகவே சேர்க்கப்பட்ட இனிப்பு இருத்தல் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

பழக்குவது எங்ஙனம்? கொழுப்பும் உப்பும் இனிப்பும் மிக்க பண்டங்களைப் பாடசாலையிலும் அதன் வாயிலினின்று 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்றலாகாதென 2020-இல் விதி இயற்றப்பட்டது. விதி வாயிலைக் காக்கலாம். நாவைக் காப்பது பழக்கமே. புதிய உணவைக் குழந்தை முதல்நாள் தள்ளினும், வற்புறுத்தாது பன்முறை சிறிது சிறிதாக வைத்தால் பெரும்பாலும் ஏற்கும். நன்றாய்ப் படித்ததற்கு மிட்டாயைப் பரிசாகத் தருதல் தவறு. அதனால் மிட்டாய் மேலும் உயர்ந்ததாய்த் தோன்றும். உபாத்தியாயர் தாமும் அப்பிள்ளைகளோடு அமர்ந்து சுண்டல் உண்பாராயின், அதுவே சிறந்த பாடம். கையில் காசில்லாப் பிள்ளை ஒதுங்கி நில்லாவண்ணம் எல்லார்க்கும் பொதுவாகப் பங்கிடுதல் அதனினும் சிறந்தது.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் நாளை உபாத்தியாயராவர். மிகப் பலர் பெற்றோராவர். விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் தம்பி தங்கையர்க்கு வாங்கிச் செல்லும் பொட்டலத்தில் இம்முறை என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்பாடத்தின் பயிற்சி அங்கே தொடங்குக.