6.4 என்றால் என்ன பொருள்?

மாணவர்களே, உங்களில் பலருடைய வீட்டில் கைப்பேசி அளவில் ஒரு சிறு கருவி இருக்கும். அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தை அதில் வைப்பார்கள். ஐந்து விநாடியில் 6.4 என்று ஓர் எண் தோன்றும். "நேற்று 5.9தானே காட்டியது? ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று வீட்டில் ஒரு விசாரணை தொடங்கிவிடும்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு, அதாவது நாம் பேச்சுவழக்கில் சொல்லும் 'இனிப்பு நீர்' உள்ளது. நம் இந்தியச் சமூகத்தில் இந்த விகிதம் மற்ற இரு பெரிய இனத்தவரைவிட அதிகம். ஆகவே, அந்தக் கருவி காட்டும் எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய உதவி. அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். அதற்குத் தேவையான அறிவியலை நீங்கள் பள்ளியில் ஏற்கெனவே படிக்கிறீர்கள்.

முன்நீரிழிவு என்பது என்ன?

நாம் உண்ணும் சோறு, ரொட்டி சானாய், மீ எல்லாம் செரித்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ள இன்சுலின் உதவுகிறது. சிலருடைய உடலில் இன்சுலின் சொல்வதை உயிரணுக்கள் சரியாகக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதுவும் போதாத நிலையில் இரத்தத்தில் குளுக்கோஸ் மெல்ல உயர்கிறது. இயல்பான அளவைத் தாண்டியும் நீரிழிவு அளவை எட்டாமலும் இருக்கும் இந்த இடைநிலைதான் முன்நீரிழிவு.

நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில், இரவு முழுதும் உண்ணாமல் காலையில் எடுக்கும் இரத்தத்துக்கான அளவுகள் இவை:

இயல்பு: 6.1க்குக் கீழ்
முன்நீரிழிவு: 6.1 முதல் 6.9 வரை
நீரிழிவு: 7.0 அல்லது அதற்கு மேல்

இவற்றின் அலகு மில்லிமோல்/லிட்டர். தமிழ்நாட்டில் மில்லிகிராம்/டெசிலிட்டர் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். 6.3 × 18 = 113. அங்குள்ள சித்தி தொலைபேசியில் "எனக்கு 113" என்று சொன்னால் யாரும் பதற வேண்டாம். அது நம் கருவியில் 6.3தான்.

இந்த 18 எங்கிருந்து வந்தது? குளுக்கோஸின் மோலார் நிறை 180 கிராம். ஆகவே 1 மில்லிமோல் என்பது 180 மில்லிகிராம். ஒரு லிட்டரில் 10 டெசிலிட்டர் இருப்பதால், ஒரு டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம்.

உடல் முழுவதும் ஒரு தேக்கரண்டி

இதே கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். ஒரு பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. குளுக்கோஸ் அளவு 5 மில்லிமோல்/லிட்டர் என்றால் மொத்தம் 25 மில்லிமோல். அதை 0.18 கிராமால் பெருக்கினால் 4.5 கிராம். உடலிலுள்ள இரத்தம் முழுவதிலும் ஓடுகின்ற குளுக்கோஸ் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி மட்டுமே. ஒரு குவளை தே தாரிக் வயிற்றுக்குள் போகும்போது, இந்த ஒரு தேக்கரண்டி அளவை நிலையாக வைத்திருக்க உடல் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

"ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லையே, காலையில் எப்படி ஏறியது?" என்றும் வீட்டில் கேட்பார்கள். நாம் தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் தேவை. அதற்காகக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிடுகிறது. விடியற்காலையில் சில சுரப்பிநீர்கள் அதை மேலும் தூண்டுகின்றன. கல்லீரலைக் கட்டுப்படுத்துவதும் இன்சுலினின் வேலைதான். முன்நீரிழிவு உள்ளவரிடம் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கும். ஆகவே காலை எண் உயர்ந்திருந்தால், தாத்தா ஒளித்து வைத்து லட்டு சாப்பிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கருவிக்குள் நடப்பது என்ன?

சோதனைப் பட்டையின் நுனியில் உலர்ந்த நொதி ஒன்று பூசப்பட்டிருக்கிறது. பல பட்டைகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். இரத்தம் பட்டதும் நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்து, அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது. பட்டையில் உள்ள வேறொரு வேதிப்பொருள் அந்த எலக்ட்ரான்களைச் சுமந்து மின்முனைக்குக் கொண்டு செல்கிறது. குளுக்கோஸ் அதிகமானால் எலக்ட்ரான்கள் அதிகம், மின்னோட்டமும் அதிகம். கருவி அந்த மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இணைக்கும் இந்த எண்ணத்தை அமெரிக்க அறிவியலாளர் லீலேண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்தார்.

இதற்குத் தேவையான இரத்தம் 1 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. 0.5 மைக்ரோலிட்டர் இரத்தத்தில், 6 மில்லிமோல்/லிட்டர் அளவில், எவ்வளவு குளுக்கோஸ் இருக்கும்? கணக்கிட்டால் 0.54 மைக்ரோகிராம் வரும். திராட்சையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் குளுக்கோஸ் உண்டு. அதன் சாற்றில் ஒரு மைக்ரோலிட்டரின் நூறில் ஒரு பங்கு விரலில் ஒட்டியிருந்தாலே போதும், அதில் 0.7 மைக்ரோகிராம் குளுக்கோஸ் இருக்கும். எண் இரு மடங்குக்கு மேல் ஏறிவிடும்! சோதனைக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதிக்கும் முறை

1. கையைச் சவர்க்காரத்தால் கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் இரத்தத் துளி நீர்த்துப்போகும்.
2. பட்டையின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பட்டையை எடுத்ததும் டப்பாவை மூடிவிட வேண்டும். நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் நொதியைக் கெடுக்கும்.
3. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும்.
4. இரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு, மெதுவாக நீவலாம். விரலை அழுத்திப் பிழிந்தால் திசு நீரும் கலந்துவிடும்.
5. எண்ணுடன் தேதி, நேரம், உணவுக்கு முன்பா பின்பா என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.
6. குத்தும் ஊசியை ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பிறகு அதைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூட வேண்டும். போத்தல் நிறைந்ததும், அதை எங்கே ஒப்படைப்பது என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பாட்டியின் கருவியை எடுத்து, "என்னுடையது எவ்வளவு?" என்று நண்பர்களோடு விளையாட்டாகக் குத்திப் பார்க்காதீர்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்தினால் ஹெபடைட்டிஸ் பி போன்ற நோய்கள் பரவும்.

6.4 உண்மையில் 6.4தானா?

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு என்பதை ஆய்வுக்கூடத்தில் கற்றிருப்பீர்கள். வீட்டுக் கருவிகளுக்கான அனைத்துலகத் தரம் ஐஎஸ்ஓ 15197. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, குளுக்கோஸ் 5.55க்கு மேல் இருக்கும்போது, கருவியின் 100 அளவீடுகளில் குறைந்தது 95, ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது, நல்ல கருவியே 15 விழுக்காடு விலகலாம்.

6.4இல் 15 விழுக்காடு 0.96. ஆக, கருவி 6.4 என்று காட்டும்போது உண்மையான அளவு ஏறக்குறைய 5.4 முதல் 7.4 வரை எங்கும் இருக்கலாம். மேலே கொடுத்த அளவுகளை மீண்டும் பாருங்கள். 5.4 இயல்பு, 6.4 முன்நீரிழிவு, 7.4 நீரிழிவு! மூன்று நிலைகளும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. இதனால்தான் வீட்டுக் கருவியை வைத்து யாருக்கும் நோயைத் தீர்மானிப்பதில்லை. அதற்குக் கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். எச்பிஏ1சி என்ற சோதனையும் உண்டு. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அந்தக் காலத்தில் அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையை அது சொல்லிவிடும்.

அப்படியானால் வீட்டுக் கருவி எதற்கு?

முன்நீரிழிவு உள்ள எல்லாரும் தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை. வேண்டுமா, எத்தனை முறை என்பதை மருத்துவரே சொல்வார். ஆனால் சோதிப்பதென்று முடிவானால், தனி எண்ணைப் பார்க்காமல் எண்களின் போக்கைப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஒரு வாரம் காலைப் பசியாறுவதற்கு முன் எடுத்த எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

முதல் வாரம்: 6.3, 5.9, 6.6, 6.1, 6.4, 6.2, 6.6

அவர் தினமும் 30 நிமிடம் வேகமாக நடக்கத் தொடங்கி, இரவுச் சோற்றின் அளவையும் குறைக்கிறார். எட்டு வாரம் கழித்து:

ஒன்பதாம் வாரம்: 6.0, 5.8, 6.2, 5.7, 6.1, 5.9, 5.6

முதல் வாரச் சராசரி 6.3. ஒன்பதாம் வாரச் சராசரி 5.9. குறைந்திருக்கிறது. ஆனால் முதல் வாரத்தில் 5.9 என்ற நாளும் உண்டு. ஒன்பதாம் வாரத்தில் 6.2 என்ற நாளும் உண்டு. அந்த இரண்டு நாள்களை மட்டும் ஒப்பிட்டால், நடந்ததால் அளவு ஏறிவிட்டது என்ற தவறான முடிவுக்கு வந்திருப்போம். நடைப்பயிற்சியையே அவர் கைவிட்டிருக்கக்கூடும்.

சராசரி எடுப்பதால் எல்லாப் பிழையும் நீங்கிவிடாது. சில நாள் கூடவும் சில நாள் குறையவும் வரும் சமவாய்ப்புப் பிழை சராசரியில் குறையும். கருவி எப்போதுமே 0.4 கூட்டிக் காட்டினால், அந்த முறைசார் பிழை எத்தனை நாள் சோதித்தாலும் அப்படியே இருக்கும். ஆகவே ஒரே கருவியை, ஒரே நேரத்தில், ஒரே முறையில் பயன்படுத்துங்கள். அப்போது இரண்டு வாரங்களிலும் அதே 0.4 இருக்கும், வித்தியாசம் சரியாகத் தெரியும். கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் நாளில் வீட்டுக் கருவியிலும் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

உணவின் விளைவை அறிய, சாப்பிடத் தொடங்கும் முன் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் சோதிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். நாசி லெமாக்கையும் மாற்றி, பானத்தையும் மாற்றி, நடக்கவும் செய்தால் எதனால் எண் குறைந்தது என்று சொல்ல முடியாது.

திரும்பி வர வழி உண்டு

முன்நீரிழிவு என்று கேட்டதும் சில வீடுகளில் அழுகையே வந்துவிடும். ஆனால் இது பலர் திரும்பி வந்த பாதை. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடம், நீரிழிவாக மாறும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 2006இல் சென்னை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் இந்தியர்களிடையே செய்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. அதிலும் உணவு, உடற்பயிற்சி மாற்றங்களால் இந்த வாய்ப்பு ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது. நம் உடல்வாகுக்கும் இது பலன் தரும் என்பதற்கு அது சான்று.

இதில் மாணவர்களாகிய உங்கள் பங்கு என்ன? குறிப்பேட்டை ஒழுங்காக வைத்திருங்கள். வாரச் சராசரியைக் கணக்கிட்டுக் கொடுங்கள். மாலையில் கூடவே நடங்கள். விசாரணை அதிகாரியாக மட்டும் மாறிவிடாதீர்கள். எண் ஏறிய நாளில் திட்டு வாங்கும் அப்பா, அடுத்த நாள் சோதிக்கவே மாட்டார். அல்லது பொய்யான எண்ணை எழுதுவார். அந்தக் குறிப்பேட்டால் மருத்துவருக்குப் பயனில்லை. காலை எண் திரும்பத் திரும்ப 7.0ஐத் தொட்டாலோ, அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் இருந்தாலோ, அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் குறிப்பேட்டோடு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சி

1. ஒரு பானப் பெட்டியில் 100 மில்லிலிட்டருக்கு 8 கிராம் சீனி என்று அச்சிடப்பட்டுள்ளது. பெட்டியின் அளவு 250 மில்லிலிட்டர். இதிலுள்ள சீனி, இரத்தத்தில் ஓடும் 4.5 கிராமைப்போல் எத்தனை மடங்கு?
2. 7.0 மில்லிமோல்/லிட்டர் என்பது எத்தனை மில்லிகிராம்/டெசிலிட்டர்?
3. ஒருவரின் காலை எண்கள் 6.0, 6.2, 9.8. மூன்றாம் நாள் கைகழுவாமல் பழம் நறுக்கியபின் சோதித்தார். அவர் என்ன செய்ய வேண்டும்?

விடைகள்: 1) 20 கிராம், ஏறக்குறைய 4.4 மடங்கு. 2) 126. 3) கைகழுவி, புதிய பட்டையில் மறுபடி சோதிக்க வேண்டும். 9.8ஐ அழிக்காமல், பக்கத்தில் காரணத்தைக் குறித்துவைக்க வேண்டும்.