பாறு கழுகின் மேல் சுமத்திய பழி

பாறு கழுகு வட்டமிட்டால் யாருக்கோ சாவு நெருங்குகிறது என்பார்கள். வரப்போகும் சாவு அதற்குத் தெரியாது. வெயில் ஏற ஏற நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் சிறகசைக்காமல் மிதந்தபடி, ஏற்கெனவே செத்துக் கிடப்பதைக் கண்ணால் தேடுகிறது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். இரையைப் பற்றித் தூக்கும் வலு அதன் கால்களுக்குக் கிடையாது.

அழுகியதைத் தின்பதால் நோயைப் பரப்பும் என்ற நம்பிக்கைதான் மிகவும் அநியாயமானது. அதன் இரைப்பை அமிலம் அவ்வளவு கடுமையானது. நாய்க்கும் மனிதனுக்கும் ஆபத்தான கிருமிகள் பலவும் அங்கேயே அழிந்துபோகும். ஒரு கூட்டம் இறங்கினால் முழு மாடும் சில மணி நேரத்தில் வெறும் எலும்பாகிவிடும். நாறிக் கிடந்து தண்ணீரைக் கெடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது.

பாறு கழுகுகள் உணவில்லாமல் அழிந்தன, ஏதோ தொற்றில் அழிந்தன என்றும் சொல்வதுண்டு. 1992இல் இந்தியாவில் இருந்த வெண்முதுகுப் பாறு கழுகுகளில் 2007க்குள் 99.9 சதவீதம் இல்லாமல் போயின. கொன்றது மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை நிறுவியது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்தால் மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகப் படியும். செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவுக்குப் போதும் என்கிறது ஒரு கணக்கு. ஒரே உடலைப் பல கழுகுகள் சேர்ந்து தின்கின்றன. ஓர் இணையோ ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது. இழப்பை எப்படி ஈடுகட்டும்?

கழுகு போனால் நமக்கென்ன என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. தின்ன ஆளில்லாமல் கிடந்த உடல்களால் தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. கழுகுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது.

2006இல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போயின. 2015இல் அவற்றையும் நிறுத்த வேண்டியிருந்தது. அதே கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023இல்தான் கால்நடைகளுக்குத் தடையாயின.

தமிழ்நாட்டில் மிஞ்சிய பாறு கழுகுகள் பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டி வாழ்கின்றன. மாடு வளர்ப்பவர்கள் வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கழுகுக்குக் கேடில்லாதது என்று சோதித்தறிந்த மருந்து அது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் அந்த உடலில் விஷம் வைக்காதீர்கள்; அதைத் தின்னும் கழுகும் சாகும். வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள்.