செங்காந்தள் பார்க்கச் சதுரகிரி

கேள்வி: ராஜபாளையத்திலிருந்து ஒரே நாளில் மலையேறி, காட்டுப்பூக்களும் பார்த்துத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்குப் போங்கள். அங்கிருந்து சுந்தர மகாலிங்கம் சன்னிதிவரை நடை. உச்சி அல்ல அது, மலைமேல் ஒரு சமவெளி; ஒரு நாளுக்கு அதுவே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் அடிவாரப் புதர்களில் செங்காந்தளைத் தேடுங்கள். இதழ் பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, கடைசியில் தீயாய்ச் சிவக்கும். ஒரே கொடியில் மூன்று நிறமும் இருக்கும். இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். அருகே உட்கார்ந்து பாருங்கள், கால்வலி மறந்துவிடும்! ஆனால் கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், பூக்கும் காலமே மழைக்காலம். மழைக்காலம் அல்லாத 2015 மே மாதத்திலேயே திடீர் வெள்ளத்தில் இங்கே பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே மேகம் திரண்டால் வழியிலுள்ள மாங்கனி ஓடையைக் கடக்காதீர்கள். மழை என்றால் வனத்துறை பாதையை மூடிவிடும். அனுமதி நாளையும் நேரத்தையும் முன்பே விசாரியுங்கள்.

2021 முதல் இந்தக் காடு புலிகள் காப்பகம். பூவைப் பறிக்காமல், பிளாஸ்டிக்கைப் போடாமல் இறங்கி வாருங்கள்.