பிறந்தநாள் விருந்து: சமைக்கிறது யாரு, செலவு யாருது?



இந்த மாதப் பாடத்தில் கடன் பதிவேடு எழுதுவது பற்றிச் சொல்வதாக இருந்தேன். அதற்குப் பதிலாக ஒரு பிறந்தநாள் விருந்தைப் பற்றி எழுதுகிறேன். சம்பந்தம் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு குழு. அதில் ஓர் உறுப்பினர் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. ஆடு வாங்க உள்கடன் 20,000 ரூபாய் எடுத்தவர். ஐந்து வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறாதவர், இப்போது கூட்டத்துக்கே வருவதில்லை. ஊக்குநர் போய்க் கேட்டால் தலைவலி என்று பதில். நானே வீட்டுக்குப் போனேன். கொட்டில் காலியாகக் கிடந்தது. "ஆடு எங்கம்மா?" என்று கேட்டேன். "அதைத்தான் எல்லாரும் பிரியாணியா தின்னுட்டுப் போயிட்டாங்களே மேடம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் அழுதுவிட்டார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் மூத்த மருமகள் என்றே சொல்கிறேன்.

அவருடைய நாத்தனார் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். தாய்மாமன் வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சாப்பாடு என்று வந்தபோதுதான் ஆரம்பித்தது. மாமியார் மட்டன் பிரியாணிதான் போடணும், அதுவும் வீட்டில்தான் செய்யணும் என்றார். "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி என் மருமக கையால சமைச்சுப் போட்டாத்தான் எனக்கு மரியாதை" என்பது அவர் பேச்சு. சின்ன மருமகள் நூற்பாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். இரண்டு நாள் லீவு போட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அவர், "அக்கா ஒருத்தியே எப்படி நூறு பேருக்குச் சமைப்பாங்க? கேட்டரிங்ல சொல்லிடலாம் அத்தை" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் மாமியார் காதில் அது 'வேலைக்குப் பயந்து சொல்றா' என்று விழுந்தது. மூத்தவர் காதில், 'யோசனை அவளுது, பணம் எங்களுதா?' என்று விழுந்தது.

அந்த மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் மூத்தவர் என்னிடம் இதைக் கேட்டார். "வீட்டுல சமைக்கிறதா, வெளியில சொல்றதான்னு ஒரே சண்டை மேடம்" என்றார். நான் பதிவேடுகளைப் பையில் வைத்துக்கொண்டே, "கேட்டரிங்குக்கு விட்டுடுங்க, நீங்க ஏன் கஷ்டப்படணும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அதே கூட்டத்தில்தான் ஆடு வாங்கக் கடன் என்று தீர்மானம் எழுதப்பட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சமூகப் பணிப் படிப்பில் குடும்ப ஆலோசனை என்று தனிப் பாடமே படித்தேன், பரீட்சையும் எழுதினேன். பிரியாணி பற்றி அதில் ஒன்றும் வரவில்லை.

கேட்டரிங்காரர் இலைக்கு 230 ரூபாய் சொன்னார். 70 இலைக்கு 16,100 ரூபாய். கேக், பந்தல், நாற்காலி எல்லாம் சேர்ந்து 20,000 தாண்டியது. கொழுந்தனார் "பாதி நான் தர்றேன் அண்ணி" என்று வாசலில் நின்று சொன்னார். எப்போது, எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. வீட்டுக்காரர் கூட வேலை செய்கிறவர்கள் "நாலு பேரை" கூப்பிட்டார். நாலு பேர் குடும்பத்தோடு பதினைந்து பேராக வந்தார்கள். மாமியார் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியிருந்தார். 70 இலைக்கு 110 பேர்.

இரண்டாவது பந்தியிலேயே அண்டா காலி. மூத்தவர் பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மதியம் இரண்டரை மணிக்கு அடுப்பில் உலை வைத்தார். சோறு, ரசம், முட்டைப் பொரியல். அது தை மாதம். நாத்தனாருடைய மாமனார் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தார், கறி தொடமாட்டார். அதை முன்னாலேயே யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஓட்டலில் இருந்து தயிர்சாதம் வந்தது. சம்பந்திகள் காதுபட மாமியார் சொன்னாராம்: "வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்தும் காசுக்குச் சோறு வாங்கிப் போட்டா இப்படித்தான் ஆகும்."

மொய் எழுதிய பணமும் குழந்தைக்கு வந்த மோதிரமும் நாத்தனார் வீட்டுக்குப் போனது. முறை அதுதான், தப்பில்லை. ஆனால் கடன் இங்கே நின்றது. கொழுந்தனார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே வாசலில் இருந்துகொண்டு மூன்று மாதம் பேசவில்லை. மூத்தவர் அன்று ஒரு பந்தியிலும் உட்காரவில்லை. "கேக்கு மட்டும் ஒரு துண்டு தின்னேன்" என்றார்.

அவரைக் கையோடு அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். பொருளாளர் கோபமாக இருந்தார். "ஆடுன்னு பொய் சொல்லி வாங்கியிருக்காங்க, அபராதம் போடணும்" என்றார். அப்போது இன்னொருவர் கேட்டார், "விசேஷத்துக்குன்னு உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தா நாம குடுத்திருப்போமா?" யாரும் பேசவில்லை.

நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். விசேஷத்துக்குக் கடன் கேட்பது பாவம் இல்லை. மருத்துவம், படிப்பு, விசேஷம் இதற்கெல்லாம் கந்துவட்டிக்காரரிடம் போகக் கூடாது என்பதற்கும்தானே குழு வைத்திருக்கிறோம். ஆனால் நோட்டில் உண்மையான காரணம் இருந்தால்தான் குழு கேள்வி கேட்க முடியும். 'எத்தனை பேர், யார் யார் பங்கு, எதில் இருந்து திருப்பிக் கட்டுவீங்க' என்று பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். ஆடு என்று எழுதியதால் யாரும் கேட்கவில்லை. நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் 20,000 ரூபாயைப் பத்துத் தவணையாகக் கட்டினால் முதல் மாத வட்டி 400, கடைசி மாதம் 40. மொத்த வட்டி 2,200 ரூபாய். ஆடு இருந்தால் குட்டி போடும், அதில் கட்டலாம். பிரியாணியில் இருந்து எதைக் கட்டுவது?

குழு அபராதம் போடவில்லை. கடன் நோக்கத்தைத் திருத்தி எழுதி, தவணையை மாதம் 1,000 என்று குறைத்தார்கள். பொருளாளருக்கு அரை மனசுதான்.

அன்றைக்கே ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். அந்தக் குழுவில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கப் போனவர். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், நம்ம குழுப் பெண்கள் பல ஊரில் சமைத்தார்கள். அவர் சொன்னார்: "அங்க ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம்னு அளவு. வருகையைப் பார்த்துட்டுத்தான் உலை வைப்போம். நம்ம வீட்டு விசேஷத்துலதான் தலையும் எண்றதில்ல, அளவும் இல்ல."

கரும்பலகையில் நூறு பேர் என்று எழுதினோம். பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி போட்டால் எட்டில் இருந்து பத்துப் பேர் சாப்பிடுவார்கள். அப்படியானால் சீரகச் சம்பா 12 கிலோ, அதற்குச் சரியாகக் கறி 12 கிலோ. எண்ணெய், தயிர், வெங்காயம், விறகு, பாத்திர வாடகை, இலை எல்லாம் சேர்த்து அன்றைய விலையில் 17,000 ரூபாய் வந்தது. சமையல் மாஸ்டரும் இரண்டு ஆளும் வைத்தால் கூலி 3,500. ஆக 20,500. கேட்டரிங் 23,000. "பாத்தீங்களா, வீட்டுல செஞ்சா 17,000 தான், அத்தை சொன்னதுதான் சரி" என்றார் ஒருவர்.

கொஞ்சம் பொறுங்க என்றேன். வீட்டில் சமைக்க எத்தனை பேர் வேணும்? நாலு பெண்கள். எத்தனை நாள்? முதல் நாள் இஞ்சி பூண்டு உரிப்பதில் இருந்து மறுநாள் பாத்திரம் விளக்கும் வரை இரண்டு நாள். களையெடுப்புக் கூலி 300 என்று வைத்தால் 2,400 ரூபாய். அதையும் சேர்த்தால் 19,400. மாஸ்டர் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் 1,100 ரூபாய்தான். அந்த 1,100 ரூபாய் மிச்சத்துக்காக நாலு பேர் இடுப்பு ஒடிய நின்று, கடைசியில் சாப்பிடவும் இல்லை. "நம்ம கூலியை எவன் கணக்குல சேர்த்தான்?" என்று பின்னால் இருந்து ஒரு பாட்டி கேட்டார். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் கூலி இல்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகவும், செய்கிற ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் வந்திருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அது சாதாரண நாள் கணக்கு. விசேஷ நாளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக வீட்டில் சமைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நாலு பேர் கூடி வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவது ஒரு சந்தோஷம், அது கேட்டரிங்கில் வராது. ஆனால் அது அந்த நாலு பேரும் சரி என்று சொன்ன வேலையாக இருக்கணும்.

கேட்டரிங் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். சமைத்த உணவை அப்படியே வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்து மணிக்கு இறக்கிவிட்டுப் போன அண்டாவை இரண்டு மணிக்குத் திறந்தால் என்ன ஆகும்? பந்தி நேரத்தைச் சொல்லி, அதற்கு ஒட்டிச் சூடாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

அந்த வீட்டுக்கு வருகிறேன். ஆவணியில் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தது. மூத்தவர் இந்தத் தடவை அடுப்பைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. சின்ன மருமகளின் மகளை ஒரு நோட்டு எடுத்துவரச் சொன்னார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நம்ம கூட்டத்தில் செய்கிற மாதிரியேதான். முதலில் யார் யாரைக் கூப்பிடுவது என்று பேர் எழுதினார்கள். மாமியார் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். 85 பேர் வந்தது. அப்புறம் என்ன சாப்பாடு என்று பிறந்தநாள்காரரையே கேட்டார்கள். அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. "எனக்குப் பல்லு இல்லப்பா, கறி எதுக்கு? வடை பாயசத்தோட சாம்பார் சாதம் போடுங்க" என்றார். மாமியாருக்கு முகம் சுருங்கியது. "ஊரு என்ன சொல்லும்?" என்றார். "ஊருக்கா பொறந்தநாளு?" என்றார் அவர்.

மாஸ்டர் ஒருவர், காய் வெட்ட மகன்கள் இரண்டு பேர் என்று நோட்டில் எழுதினார்கள். செலவு 14,400. இரண்டு மகன், ஒரு மகள், ஆளுக்கு 4,800. கொழுந்தனார் முந்திய பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சின்னவர்தான், "அண்ணனுக்கு நாங்க குடுக்க வேண்டியது 10,000, அதையும் எழுதும்மா" என்று மகளிடம் சொன்னார். மூத்தவர் என்னிடம் இதைச் சொன்னபோது குரல் மாறிவிட்டது. நோட்டில் அந்த வரியைக் காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது. அதில் 6,000 இதுவரை வந்திருக்கிறது.

அன்று 92 பேர் வந்தார்கள், சாதம் பற்றியது. வெங்காயம் வெட்டிய பெரிய மகன் கையை வெட்டிக்கொண்டார். சாம்பாரில் உப்பு குறைவு என்று மாமியார் மூன்று பேரிடம் சொன்னார். மருமகள்கள் இரண்டு பேரும் இரண்டாவது பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மகன்கள் பரிமாறினார்கள்.

இதைக் கூட்டத்தில் வாசித்த பிறகு உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று முடிவு எடுத்தபோது யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? சமைத்தவர் அங்கே இருந்தாரா? நீங்கள் எந்தப் பந்தியில் சாப்பிட்டீர்கள்? ஒவ்வொருவரும் சொல்லட்டும், ஊக்குநர் எழுதி அனுப்புங்கள். கடன் பதிவேடு பாடம் அடுத்த மாதம்.