வலி நின்றாலும் சனிக்கிழமை போ

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி எழுதுவது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்ய டாக்டர் சனிக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும், திடீரென்று வலி நின்றுவிட்டதால் போகலாமா வேண்டாமா என்று நீ யோசிப்பதாகவும் அக்கா சொன்னாள். போனில் சொன்னால் "சரி சித்தி, சரி சித்தி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பல் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், கேள்.

வலி நின்றது நல்ல செய்தி இல்லை. ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீரென்று இழுத்து வெகுநேரம் நிற்காமல் வலித்தது, ராத்திரி படுத்தால் விண் விண்ணென்று தெறித்தது என்றாயே, அப்போதே சொத்தை எனாமலைத் தாண்டி உள்ளே இருக்கும் பற்கூழுக்குப் போயிருக்கும். நரம்பும் ரத்தக் குழாயும் அதற்குள்தான் இருக்கின்றன. கை வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர். வீங்க இடமே இல்லை. அந்த வலி அதனால் வந்தது. இப்போது சத்தமில்லை என்றால் நரம்பு செத்துப்போயிருக்கலாம். கிருமி சாகவில்லை. அது வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். "நின்றுவிட்டதே" என்று போனவர்கள் கன்னம் வீங்கித் திரும்பி வருவதை நான் பார்க்காத மாதம் இல்லை.

மெடிக்கல் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதே. செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. காய்ச்சலோடு வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ சனிக்கிழமைக்குக் காத்திருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

சாப்பிட்டுவிட்டுப் போ. ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் உதடும் கன்னமும் மரத்திருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வாய். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல். லிக்னோகைன் ஊசியில் பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். போட்டவுடன் நெஞ்சு படபடத்தால் பயப்படாதே, சீக்கிரம் அடங்கிவிடும். வீக்கம் கடுமையாக இருக்கும் பல்லில் சில சமயம் முதல் ஊசி முழுசாகப் பிடிக்காது. வலித்தால் இடது கையைத் தூக்கு. நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்பார்களே, அந்த நாற்காலியில் அதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட் மாட்டுவார்கள். 1864இல் சான்ஃபோர்டு பார்னம் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் கொண்டுவந்த வழக்கம். எச்சில் பல்லுக்குள் போகாது, ஊசி மாதிரியான ஃபைல் தவறித் தொண்டைக்குள்ளும் போகாது. எல்லா கிளினிக்கிலும் போடுவதில்லை. "ரப்பர் டேம் போடுவீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடு. முகம் சுளிக்கிற டாக்டரைவிட, கேட்டதும் எடுத்து மாட்டுகிற டாக்டர் மேல்.

அப்புறம் நீ வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். முன்பல்லின் வேருக்குள் பெரும்பாலும் ஒரே கால்வாய், சீக்கிரம் முடியும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நாலு. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, ஃபைலால் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை வரும். வேர் நுனி வந்துவிட்டதா என்று பார்க்கிற கருவி பீப் பீப் என்று கத்தும், நடுவில் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். மணிக்கணக்கில் திறந்திருப்பதால் பல்லைவிடத் தாடைதான் அதிகம் வலிக்கும்.

சுத்தமான கால்வாயில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலை அடைப்பார்கள். மலாயாக் காட்டு மரத்தின் பால் அது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலே சுற்றியதும் இதைத்தான். சீழ் இருந்தால் ஒரே நாளில் முடிக்காமல், உள்ளே மருந்து வைத்து மேலே தற்காலிகமாக அடைத்து இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். காசுக்காக இழுக்கிறார்கள் என்று நினைக்காதே. முடிந்த பிறகு சில நாள் கடித்தால் வலி இருக்கும், டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையில் அடங்கும். நாளுக்கு நாள் குறையாமல் கூடினால் திரும்பிப் போய்க் காட்டு.

மேல்பல்லைத் தொட்டால் கண் போய்விடும் என்று ஊரில் யாராவது ஆரம்பிப்பார்கள். அது பொய். உனக்குக் கீழ்ப்பல் என்பதால் அந்தப் பொய்க்கும் இடமில்லை. "பிடுங்கிப் போட்டால் செலவு மிச்சம்" என்பவர்கள் பேச்சையும் தள்ளு. பல் ஈறுக்குக் கீழே உடைந்து போயிருந்தால் பிடுங்குவதுதான் சரி. மற்றபடி, பிடுங்கின இடத்துக்குப் பக்கத்துப் பல் சாயும், எதிரே இருக்கும் மேல்பல் இறங்கும், அங்கே இம்ப்ளான்ட் வைக்க ரூட் கேனாலைவிட அதிகம் ஆகும்.

நம் ஜனங்கள் கோட்டை விடுவது கடைசியில்தான். வலி போனதும் கேப் போடாமல் நின்றுவிடுகிறார்கள். சொத்தை தின்றது போக, உள்ளே போக வழி செய்ததிலும் பல் குறைந்து மிச்சமிருக்கும் சுவர் மெலிந்திருக்கும். முறுக்கைக் கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்தால் அத்தனை செலவும் வீண், பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். முன்பல்லுக்குச் சில சமயம் கேப் இல்லாமல் தள்ளலாம், கடைவாய்ப் பல்லுக்கு முடியாது. ஜிர்கோனியா கேப்புக்குக் காசு இல்லையென்றால் மெட்டல் கேப் போட்டுக்கொள். உள்ளே இருக்கும் பல்லை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மொத்தச் செலவே பயமாக இருந்தால், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இலிருந்து நடக்கிறது. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ரூட் கேனால் முடிந்தது என்று எனக்கு போன் பண்ணாதே. கேப் மாட்டின அன்றைக்குப் பண்ணு.

அன்புடன்,
சித்தி