கடலோரத்தில் இரண்டு நாள்

டெல்லியில் மந்திர் மார்க் என்று ஒரு சாலை இருக்கிறது. பிர்லா மந்திர் அங்கேதான் உள்ளது. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் அங்கே உண்டு. அந்தப் பக்கத்தில் அரசு ஊழியர் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. அப்பா அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். அம்மா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. மகளிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சொந்த ஊர் போய்வர அரசு ரயில் கட்டணம் தருகிறது. அவர்கள் ஊர் திண்டிவனம் பக்கம். போனால் கல்யாணம், காதுகுத்து, வயல் தகராறு. லீவு தீர்ந்துவிடும். வந்ததைவிட அதிகக் களைப்போடு திரும்புவார்கள்.

"இந்தத் தடவை ஊருக்குப் போகிற வழியில் மாமல்லபுரத்தில் ரெண்டு நாள் தங்கலாமா?" என்று அம்மா கேட்டார்.

"எதுக்கு? அங்கே நமக்கு யார் இருக்கா?" என்றார் அப்பா.

"யாரும் இல்லைங்க. அதனாலதான்."

பாட்டி சிரித்துவிட்டார். எழுபது வயதாகிறது. கடலைப் பார்த்ததே இல்லை.

அம்மா மாதம் 200 ரூபாய் தனியே எடுத்து வைத்திருந்தார். இரண்டு ஆண்டில் 4800 ரூபாய் சேர்ந்திருந்தது. மகளின் பழைய நோட்டில் கணக்கு எழுதினார். அறை வாடகை இரண்டு இரவுக்கு 2000. ஐந்து பேர் சாப்பாடு 1600. பஸ், ரயில் 500. கோயில் பார்க்க நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 40 ரூபாய். பதினைந்து வயது ஆகாத பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். பெரியவர் மூன்று பேருக்கு 120. மொத்தம் 4220. மீதி 580. அது அவசரத்துக்கு. அதைத் தொடக்கூடாது என்று அடிக்கோடு போட்டார்.

அடுத்தது நாள் பார்க்க வேண்டும். மே மாதம் வெயில் கொளுத்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். ஜனவரி நல்ல மாதம். ஆனால் காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சனி, ஞாயிறும் கூட்டம்தான். எனவே பொங்கலுக்கு முன்னால் வரும் திங்கள், செவ்வாய் இரவுகளைக் குறித்தார்கள். பயண நாளுக்கு 60 நாள் முன்பே ரயில் முன்பதிவு தொடங்கிவிடும். பொங்கல் சமயத்தில் இடம் கிடைப்பது கடினம். அதனால் அப்பா நவம்பரிலேயே சீட்டு எடுத்தார். விடுதிக்குப் போன் செய்து அறையும் சொல்லி வைத்தார். அறை எடுப்பவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டும். எல்லோருடைய ஆதார் அட்டையும் ஒரே பையில் போனது.

அம்மா இடங்களை நோட்டில் வரிசையாக எழுதினார். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, புலிக்குகை. செவ்வாய் மாலைக்கு நேராக எதுவும் எழுதவில்லை.

"இது ஏன் காலியா இருக்கு?" என்றார் அப்பா.

"சும்மா உட்காரத்தான்."

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சனிக்கிழமை இரவு புது டெல்லியில் கிளம்பும். திங்கள் காலை சென்னை சேரும். ஆனால் ஜனவரியில் வடக்கே பனிமூட்டம். ரயில் ஏழு மணி நேரம் தாமதம். மதியம்தான் சென்ட்ரலில் இறங்கினார்கள். எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டுக்கு மின்ரயில் பிடித்தார்கள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். விடுதிக்குப் போகும்போது இருட்டிவிட்டது. அப்பா முகம் சுருங்கியது. அம்மா நோட்டை எடுத்துப் புலிக்குகையை மட்டும் அடித்தார்.

காலையில் கடற்கரைக் கோயில். சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. பாட்டி கோயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடலை வெகு நேரம் பார்த்தார். "இவ்வளவு தண்ணியா!" என்றார்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. சட்டையைக் கழற்றிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். கரையில் ஒரு பலகை நின்றது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ஆபத்தான பகுதி. கடலில் குளிக்கக் கூடாது.'

"டேய், நில்லுடா!"

"எல்லாரும் குளிக்கிறாங்களேம்மா!"

உண்மைதான். பத்துப் பதினைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும், "ஓரமா நின்னுட்டு வரட்டுமே" என்றார். அம்மா விடவில்லை. மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு மீனவர் வலை சரிசெய்துகொண்டிருந்தார். "அம்மா சொல்றதைக் கேளு தம்பி" என்றார். "அங்கே பாரு, நடுவிலே அலை இல்லாம அமைதியா இருக்கே. அதுதான் மோசம். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அந்த வழியாத்தான் திரும்பி ஓடும். ஆளையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும்."

"மாட்டிக்கிட்டா என்ன பண்றதுங்க, ஐயா?" என்று மகள் கேட்டாள்.

"பதறக்கூடாதும்மா. கரையை நோக்கி எதிர்த்து நீந்தினா பலம் போயிடும். மிதந்துகிட்டுக் கையைத் தூக்கிக் கூப்பிடணும். நீந்தத் தெரிஞ்சவங்க பக்கவாட்டிலே நீந்தி, அந்த இழுப்பை விட்டு வெளியே வரணும். காப்பாத்தறேன்னு யாரும் பின்னாலே குதிக்கக்கூடாது. கயிறோ, காற்றடைச்ச டியூபோ வீசணும்."

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்ததையும் அவர் சொன்னார். அன்று கடல் முதலில் உள்வாங்கியது. கடல் திடீரென்று பின்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்கக்கூடாது. உடனே மேட்டுக்கு ஓட வேண்டும்.

மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்ததும் சரியாகிவிட்டான். சரிவில் உருளாமல் நிற்கும் அந்தப் பாறையை முதுகு கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். தெருவில் உளிச் சத்தம் கேட்டது. இன்றும் அங்கே கல்லில் சிலை செய்கிறார்கள்.

மாலை ஐந்து மணி. அலை தொடாத மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். பாட்டி ஈர மணலில் காலைப் புதைத்துக்கொண்டார். சுண்டல் வாங்கியது 50 ரூபாய். அதை அம்மா கணக்கில் எழுதினார்.

"அடுத்து எங்கே போகணும்?" என்று கேட்டார் அப்பா.

அம்மா நோட்டைத் திறந்து காலிப் பக்கத்தைக் காட்டினார். சற்று நேரத்தில் அப்பா மணலிலேயே தூங்கிவிட்டார்.